முகத்துக்கு ஹை ஃப்ரீக்வென்சி கருவி: கையடக்கமா, பெட்டி வகையா?

கோவையில் இருக்கிறேன், வயது 29, எண்ணெய்ப் பசை சருமம். போன தீபாவளியிலிருந்து தாடை ஓரத்தில் மட்டும் பரு விடாமல் வருகிறது, காய்ந்தாலும் கரும்புள்ளி தங்கிவிடுகிறது. சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், பென்சாயில் பெராக்சைடு, அப்புறம் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த அடாபலீன் ஜெல் எல்லாம் போட்டாயிற்று; நெற்றி தெளிந்தது, தாடை தெளியவில்லை. பார்லரில் ஃபேஷியல் முடிந்ததும் ஊதா வெளிச்சம் வரும் கண்ணாடிக் குழாயைச் சரசரவென்று ஓட்டுவார்களே, லேசாக ஓசோன் வாடைகூட வரும், அதுதான் ஹை ஃப்ரீக்வென்சி கருவி; அது செய்தால் மறுநாளே பரு வற்றுகிறது. மாதாமாதம் போகக் கட்டுப்படியாகவில்லை, அதனால் சொந்தமாக வாங்கப் பார்க்கிறேன். மருத்துவரும் சரி என்றுவிட்டார். இந்தக் கருவியைத் தவிர்க்கச் சொல்லும் பேஸ்மேக்கர், வலிப்பு, கர்ப்பம் எதுவும் எனக்கு இல்லை.

கையடக்க வகையில் ஆர்கான் (ஊதா), நியான் (ஆரஞ்சு) இரண்டு குழாய்களும் சேர்ந்து வருகின்றன, ஆனால் நான் கடையில் எடுத்துப் பார்த்ததில் குழாய் செருகும் இடம் ஆடுகிறது, லேபிளில் 110 வோல்ட் என்று போட்டிருக்கிறது, நம் வீட்டு மின்சாரமோ 230. பெட்டி வகை 220-240 வோல்ட்தான், பிடிப்பும் உறுதி, விலைதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

தாடைப் பருவுக்காக வீட்டில் இதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டில் எதை வாங்கலாம்?