பத்தாம் நூலின் நடுவே நிற்கிறேன்: தாண்டிப் போகலாமா, படித்தே தீர வேண்டுமா?

வெண்பக்கம் கேட்கிறார்:

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் பத்தாவதான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்' நூலில் பாதி தாண்டியிருக்கிறேன். மேலே நகர மனம் வரவில்லை.

ஒன்பதாம் நூலின் முடிவைப் படித்தவர்களுக்கு என் ஆத்திரம் புரியும். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்களின் மந்திர ஆற்றலில் படிந்து, அதைத் தொட்டவர்களையெல்லாம் பித்தர்களாக்கிய கறையை நாயகன் ராண்டும் அவன் ஊர்ப்பெண் நைனீவும் சேர்ந்து நீக்குகிறார்கள். முதல் நூலிலிருந்து காத்திருந்த நிகழ்ச்சி அது. இனி என்ன ஆகும் என்ற பதைப்போடு பத்தாம் நூலைத் திறந்தால், கதை அந்த நாளைத் தாண்டவே மறுக்கிறது. ராண்டின் நண்பன் பெரினோடு இருக்கும் ஐஸ் செடாய் பெண்கள், அதாவது மந்திர ஆற்றலை ஆளும் மகளிர், எங்கோ தொலைவில் பேராற்றல் எழுவதை உணர்ந்து திகைக்கிறார்கள். எக்வேனின் பாசறையிலும் அதே திகைப்பு, எலெய்னின் அரண்மனையிலும் அதே திகைப்பு. என்ன நடந்தது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரியாதவர்கள் ஒவ்வொருவராக வியப்பதை நான் ஏன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

ராண்டைக் காணவே காணோம். எலெய்ன் குளிக்கிறாள், பேசுகிறாள், மறுபடி பேசுகிறாள்.

சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பதினோராம் நூலுக்குப் போய்விடு என்று பலர் சொல்கிறார்கள். இத்தனை ஆயிரம் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தவளுக்கு அது உறுத்துகிறது. முழு வரிசையையும் படித்தவர்கள், குறிப்பாக நூல்கள் வெளிவந்த காலத்திலேயே படித்தவர்கள், சொல்லுங்கள். பத்தாம் நூலுக்குப் பிறகு நடப்பதை மட்டும் தயவுசெய்து உடைத்துவிடாதீர்கள்.

நேர்கோடு:

தாண்டிவிடுங்கள். தயக்கமே வேண்டாம்.

நூல் மெதுவாகப் போகிறது என்பது என் குறை அன்று. மெதுவான நூல்கள் எனக்குப் பிடிக்கும். இங்கே கோளாறு கட்டமைப்பில் இருக்கிறது. வாசகருக்கு விடை தெரிந்துவிட்ட பிறகு, பாத்திரங்கள் கேள்வி கேட்பதை வைத்து ஒரு நூலை நகர்த்த முடியாது. ஒரே காலத்தில் பல இடங்களில் நடப்பதைச் சொல்வது நீண்ட தொடர் எழுதும் எல்லோருக்கும் வரும் சிக்கல்தான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் தம் நான்காம், ஐந்தாம் நூல்களில் இதே சிக்கலில் சிக்கினார். அவர் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் கதையை 2005இலும் மறுபாதியின் கதையை 2011இலும் தந்தார். அதிலும் மனக்குறை உள்ளவர்கள் உண்டு. ஆனாலும் அங்கே ஒவ்வொரு பாதிக்கும் தனக்கென ஒரு போக்கு இருந்தது. ஜோர்டனின் பத்தாம் நூலில் எல்லோரும் ஒரே இடத்தில் கால் மாற்றி நிற்கிறார்கள்.

நல்ல சுருக்கம் ஒன்றைப் படித்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எதையும் இழக்க மாட்டீர்கள்.

ஓநாய்த்தோழி:

நேர்கோடு அவர்கள் கட்டமைப்பைப் பற்றிச் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எதையும் இழக்க மாட்டீர்கள் என்றதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வெண்பக்கம், இந்த நூல் வெளிவந்த காலத்திலேயே படித்தவள் நான். ஒன்பதாம் நூல் 2000 நவம்பரில் வந்தது, பத்தாவது 2003 ஜனவரியில் வந்தது. கறை நீங்கியதைப் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் அந்தக் கடைசிப் பக்கத்திலேயே குடியிருந்தோம். யார் என்ன ஆவார்கள் என்று எவ்வளவு வாதம் செய்தோம்! அப்படிக் காத்திருந்த கைக்கு இந்த நூல் வந்தபோது எழுந்த சினத்தைச் சொல்லி மாளாது. முதல் நாளே வாங்கிப் படித்தவர்கள்தாம் மிகக் கடுமையாக எழுதினார்கள். அவர்கள் யாரும் ஜோர்டனை வெறுத்தவர்கள் அல்லர். அந்த உலகத்தைத் தங்கள் வீடாக நினைத்தவர்கள். அடுத்த நூலுக்கு 2005 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்களுக்கோ பதினோராம் நூல் பக்கத்திலேயே இருக்கிறது. இதை நான் இரண்டாம் முறை படித்தது அப்படித்தான், ஒன்பதையும் பதினொன்றையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு. அப்போது நூலின் பாரம் பாதியாகக் குறைந்தது. குறைகள் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எலெய்னின் அத்தியாயங்களை எந்த முறையும் என்னால் விரும்பிப் படிக்க முடிந்ததில்லை.

பெரினுக்காக நீங்கள் இதைப் படிக்க வேண்டும்.

அவன் மனைவி ஃபயீலை ஷைடோ என்ற போர்க்குலத்தார் கவர்ந்து போய்விட்டார்கள். அவன் தேடுகிறான், தேடுகிறான். அலுப்பாக இருக்கிறது என்கிறார்கள், அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் தானியம் வாங்கச் செல்லும் சோ ஹாபர் என்ற ஊரை மறக்க முடியுமா? தானியத்தில் வண்டு, குளிக்காத மக்கள், கண்ணைப் பார்த்துப் பேச மறுக்கும் வணிகர்கள், இரவில் நடமாடும் இறந்தவர்கள். பேய் வருகிறது என்று ஜோர்டன் முதலிலேயே சொல்லிவிடுவதில்லை. அழுக்கைக் காட்டுகிறார், அச்சத்தைக் காட்டுகிறார், காரணத்தை மெல்ல நழுவவிடுகிறார். கடைசிப் போர் நெருங்க நெருங்க உலகத்தின் நெசவே நைந்துபோகிறது என்பதை எந்தத் தீர்க்கதரிசனமும் இந்த ஊரைப் போல எனக்கு உணர்த்தியதில்லை. முழுத் தொடரிலும் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று இது. கெட்ட பெயர் வாங்கிய நூலுக்குள் கிடப்பதால் பலர் இதைக் கவனிக்காமலே போகிறார்கள்.

அதை அடுத்துப் பெரினின் கோடரி. அது உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். பத்தாம் நூலுக்குள் இருப்பதைச் சொல்லலாம் என்று நீங்கள் அனுமதித்திருப்பதால் சொல்கிறேன்; வேண்டாமென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். முதல் நூலில், 1990இல், ஓநாய்களோடு வாழும் எலையாஸ் அந்த இளைஞனிடம் சொல்வது நினைவிருக்கிறதா? கோடரியை வெறுக்கும் வரை அதை வைத்துக்கொள், வெறுப்பு போய்விட்ட நாளில் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிடு என்ற பொருளில் சொல்வார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இந்த நூலில் பெரின், ஃபயீல் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக, பிடிபட்ட ஒருவனின் கையை அந்தக் கோடரியாலேயே வெட்டுகிறான். பிறகு அதை விட்டுவிட்டுப் போகிறான். நாம் முதல் நூலில் பார்த்த பையன், பேசுவதற்கு முன் நின்று யோசிக்கும் அந்தக் கொல்லன், இதைச் செய்கிறான். அதற்கு முந்தைய அத்தனை அலுப்பும், தூங்காத இரவுகளும், பனியும், மனைவியைத் தவிர வேறெதையும் எண்ண மறுக்கும் அவன் பிடிவாதமும் சேர்ந்துதான் அந்த வெட்டை நம்பவைக்கின்றன. சுருக்கத்தில் இது ஒரே வாக்கியம். 'பெரின் கைதியைச் சித்திரவதை செய்து தகவல் பெற முயல்கிறான்.' இதைப் படித்தவருக்கு என்ன தெரியும்?

ராண்டின் இன்னொரு நண்பன் மாட் பக்கமும் பாருங்கள். தப்பி ஓடும் ரென்னா என்ற பெண்ணைத் தடுக்க அவன் பிறப்பிக்கும் உத்தரவு அவனை எப்படிக் குடைகிறது என்று. ராண்டைக் காணோம் என்று நாமெல்லாம் கத்திக்கொண்டிருந்தபோது, அவனோடு ஊரைவிட்டுப் புறப்பட்ட மற்ற இருவரும் தாங்கள் ஒருபோதும் செய்யமாட்டோம் என்று நினைத்ததைச் செய்துகொண்டிருந்தார்கள். இது எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணில் பட்டது.

ஆகவே என் யோசனை: எலெய்னின் அத்தியாயங்களை வேகமாகப் புரட்டுங்கள். பெரின், மாட் இருவரையும் ஒரு வரி விடாதீர்கள். எக்வேனின் கடைசி அத்தியாயத்தை இரவில் தொடங்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

நேர்கோடு:

கோடரிக் காட்சி வலிமையானது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல காட்சிக்காக அதற்கு முன்னுள்ள அத்தனை அலுப்பும் தேவைப்பட்டது என்ற வாதம் எனக்கு ஆபத்தானதாகப் படுகிறது. அப்படிப் பார்த்தால் எந்த நூலின் எந்தத் தொய்வையும் நியாயப்படுத்திவிடலாம். இதே ஜோர்டன் நான்காம் நூலில் பெரினைச் சொந்த ஊருக்கு அனுப்பினாரே, அங்கே துயரத்துக்கும் குறைவில்லை, கதை ஓரிடத்திலும் நிற்கவும் இல்லை. அவரால் முடியும் என்று தெரிந்ததால்தான் எனக்கு வருத்தம்.

ஓநாய்த்தோழி:

நான்காம் நூலைப் பற்றி உங்களோடு சண்டை போட எனக்கு எதுவும் இல்லை. அது அவர் உச்சம்.

இன்னொன்று மட்டும் சொல்ல வேண்டும். 2006இல் ஜோர்டன் தமக்கு அமைலாய்டோசிஸ் என்ற அரிய நோய் இதயத்தைத் தாக்கியிருப்பதை வாசகர்களுக்கு அறிவித்தார். 2007 செப்டம்பரில், 58 வயதில் இறந்தார். இறுதி நூலாக ஒன்றே ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். அவர் விட்டுச்சென்ற பகுதிகளையும் குறிப்புகளையும் வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதியபோது அது மூன்று நூல்களாக விரிந்து, 2013இல்தான் முடிந்தது. அப்படியானால் கதையை எட்டாம் ஒன்பதாம் நூல்களிலேயே சுருக்கியிருக்க வேண்டும், காலத்தை வீணாக்கிவிட்டார் என்று சிலர் இன்றும் பேசுவதைக் கேட்டால் எனக்குத் தாங்கவில்லை. தமக்கு எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவர் சோ ஹாபரை எழுதவில்லை. அந்த ஊரை அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, எழுதினார். நூலின் குறைகளை எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம். இந்தக் கணக்கு மட்டும் வேண்டாம்.

வெண்பக்கம்:

இருவருக்கும் நன்றி. கோடரிப் பத்தியை விட்டுவிடாமல் படித்துவிட்டேன், படித்ததில் எனக்கு வருத்தமில்லை. எலையாஸ் சொன்னதை அடியோடு மறந்துபோயிருந்தேன். முதல் நூலை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். நேர்கோடு சொல்வதும் சரிதான், எனக்கு இப்போதும் கோபம் இருக்கிறது. ஆனாலும் சுருக்கத்தைத் திறக்கப் போவதில்லை. சோ ஹாபரை இன்று தொடங்குகிறேன்.

ஒரு சிறு சந்தேகம்: மொய்ரெயினும் லானும் சந்திக்கும் முன்கதையான 'நியூ ஸ்பிரிங்' 2004இல், பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் வந்ததாகப் பார்த்தேன். அதை அதே வரிசையில் படிக்கவா, கடைசியில் படிக்கவா?

ஓநாய்த்தோழி:

அதே வரிசையில் படியுங்கள். சிறிய நூல், விறுவிறுவென்று போகும். பத்துக்குப் பிறகு அது உங்களுக்குத் தேவைப்படும்.

நேர்கோடு:

இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.