மறு: ‘டெட் பிக்சல்’ – மானிட்டர் உத்தரவாத அட்டைக்கு என்ன சொல்?

வணக்கம்.

> ‘இறந்த படவணு’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், படவணு என்பது பிக்சல், அதாவது திரையில் படத்தை உருவாக்கும் நுண்புள்ளி. ஆனால் இந்தச் சொல் போய் உட்காரப்போவது உத்தரவாத அட்டையில். வாங்கியவர் அதைக் காட்டி மானிட்டரை மாற்றித் தரச் சொல்வார், நிறுவனம் அதையே காட்டி முடியாது என்று சொல்லும். கட்டுரைக்குப் போதுமான சொல் அங்கே போதாது.

பேச்சில் திரையில் கண்ணை உறுத்துகிற எந்தப் புள்ளியும் ‘டெட் பிக்சல்’தான். விதிகள் அப்படிப் பார்ப்பதில்லை. பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2001இல் வெளியிட்ட 13406-2 தரநிலை, பழுதான புள்ளிகளை மூன்றாகப் பிரித்தது. எப்போதும் எரிந்துகொண்டே இருப்பது முதல் வகை. எப்போதும் இருண்டு கிடப்பது இரண்டாம் வகை. ஒரு புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளில் ஏதாவது எரிந்தோ அணைந்தோ நின்றுவிட்டால் மூன்றாம் வகை. 2008இல் ஐஎஸ்ஓ 9241 வரிசை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் எரிவதையும் இருண்டதையும் தனித்தனியாக எண்ணும் பழக்கம் நிறுவனங்களின் விதிகளில் இன்றும் இருக்கிறது.

எண்களைப் பார்த்தால் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறேன் என்று தெரியும். பழைய தரநிலை, எத்தனை பழுது இருக்கலாம் என்பதை வைத்துத் திரைகளையும் தரம் பிரித்தது. அதன் இரண்டாம் தரத்தில், பத்து லட்சம் புள்ளிகளுக்கு முதல் வகை 2, இரண்டாம் வகை 2, மூன்றாம் வகை 5 வரை இருக்கலாம். 1920×1080 திரையில் 20 லட்சத்துக்குச் சற்று அதிகமான புள்ளிகள். 3840×2160 திரையில் (4கே என்பது இதைத்தான்) கிட்டத்தட்ட 83 லட்சம். அதாவது 4கே திரையில் வெள்ளையாக எரியும் புள்ளிகள் 16 இருந்தாலும் அந்தத் தரத்தின்படி அது நல்ல திரை! வாங்கியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நிறுவனங்கள் சொந்தமாகத் தரும் வாக்குறுதியும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. டெல் நிறுவனத்தின் ‘பிரீமியம் பேனல் எக்ஸ்சேஞ்ச்’ திட்டத்தில், எரியும் புள்ளி ஒன்று இருந்தாலே மாற்றித் தருவார்கள். இருண்ட புள்ளிக்கு அந்த வாக்குறுதி இல்லை. இதைத் தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘இறந்த படவணு’ என்றால் என்ன ஆகும்? ஒன்று, நிறுவனம் தராத வாக்கைத் தந்ததாகிவிடும். இல்லையென்றால், தந்த வாக்கு காணாமல் போகும்.

இன்னொரு சிக்கல், ‘இறந்த’ என்பது காரணத்தைச் சொல்கிற சொல். புள்ளிக்குப் பின்னால் இருந்து அதை இயக்கும் டிரான்சிஸ்டர் செத்துப்போனால் எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி தெரியாது. டிஎன், ஐபிஎஸ் என்பவை எல்சிடி திரையின் இரண்டு வகைகள். வழக்கமான டிஎன் திரையில் மின்னழுத்தம் இல்லாதபோது ஒளி கடந்து வரும், அதனால் புள்ளி பளிச்சென்று எரியும். ஐபிஎஸ் திரையில் அதே நிலையில் ஒளி தடைபடும், புள்ளி இருண்டுவிடும். செத்தது ஒன்றுதான், தெரிவது இரண்டு விதம். உத்தரவாதம் எண்ணுவது கண்ணுக்குத் தெரிவதை. பெயரும் அதன்படி இருக்கட்டும்.

> ‘குருட்டுப் புள்ளி’ எப்படி?

அது கண் மருத்துவத்தில் விழித்திரையின் ஒரு பகுதிக்கு ஏற்கெனவே உள்ள பெயர். தொட வேண்டாம்.

என் பரிந்துரை: பொதுப்பெயர் ‘பழுதுப் புள்ளி’. முதல் வகை ‘அணையாப் புள்ளி’, இரண்டாம் வகை ‘ஒளிராப் புள்ளி’. இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் இணையாக நிற்கின்றன, ஒன்றைக் கேட்டால் மற்றது நினைவுக்கு வரும். மூன்றாம் வகைக்கு ‘நிறக்கூறுப் பழுது’. கொஞ்சம் கரடுமுரடுதான், இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுவிடத் தயார்.

—

> ‘அணையாப் புள்ளி’

‘அணையா விளக்கு’ மாதிரி இருக்கிறதே ஐயா! பழுதுக்குப் போய் இப்படி ஒரு மரியாதையா? சரி, அதனாலேயே மனத்தில் தங்கிவிடும் என்றால் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது. பழுதுகள் அருகருகே இருந்தால் விதி வேறு. 5×5 கட்டத்துக்குள் எத்தனை என்று அந்தத் தரநிலை தனியாக எண்ணுகிறது. சிதறிக் கிடக்கும் நான்கு பொறுத்துக்கொள்ளக்கூடியது, ஒரே இடத்தில் நான்கு என்றால் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். இதற்கு ‘கொத்துப் பழுது’ என்று வைக்கலாமா?

அப்புறம், ‘படவணு’வை ஏன் விட்டுவிட்டீர்கள்?

—

‘கொத்துப் பழுது’ நன்றாக இருக்கிறது, சேர்த்துவிடுகிறேன்.

படவணுவை ஒதுக்கவில்லை. நிரலாக்க நூலில் அது இருக்கட்டும். உத்தரவாத அட்டையைப் படிப்பவர் திரையில் விரலை வைத்து ‘இந்தப் புள்ளி’ என்றுதான் காட்டுவார். ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்:

“உத்தரவாதக் காலத்தில் அணையாப் புள்ளி ஒன்று தென்பட்டாலும் திரை மாற்றித் தரப்படும். ஒளிராப் புள்ளிகளும் நிறக்கூறுப் பழுதுகளும் கீழ்க்கண்ட எண்ணிக்கையைத் தாண்டினால் மட்டுமே மாற்றித் தரப்படும். கொத்துப் பழுது தனியே கணக்கிடப்படும்.”

இதில் எங்காவது இரண்டு பொருள் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.