மறு: ஃபோனாட்டோகிராஃப் – ‘ஒலிவரைவி’ என்றே வைக்கலாம்

வணக்கம்.

ஒலியைத் தாளில் கோடாக வரையும் ஃபோனாட்டோகிராஃப் கருவிக்குத் தமிழில் ‘ஆதி கிராமபோன்’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. எடிசனின் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவிக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1857 மார்ச்சில் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி அது. அதற்குப் பின்னால் வந்ததன் பெயரைச் சூட்டுவது, பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைக்கிற கதைதான்.

‘ஒலிப்பதிவி’ என்ற மற்றப் பெயரும் சரிப்படாது. பதிவு என்றதுமே திரும்பக் கேட்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கருவியை உருவாக்கிய எதுவார் லியோன் ஸ்காட் அதை நினைக்கவே இல்லை. அச்சுத் தொழிலில் இருந்தவர். பேச்சு தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அகன்ற குழலின் வாயில் பேசினால் மறுமுனையில் இழுத்துக் கட்டிய சவ்வு அதிரும். அதனோடு இணைந்த பன்றிமயிர், உருளையில் சுற்றிய தாளின் மேல் படிந்த விளக்குக்கரியைச் சுரண்டிக்கொண்டே போகும். கரிய தாளில் வெளிறிய நெளிகோடு ஒன்று மிஞ்சும். அந்தக் கோட்டுக்காகத்தான் கருவியே. ஆகவே ஒலிவரைவி, தாளில் விழுவது ஒலிவரைவு.

சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் திருமணமாயிற்றே என்று நண்பர் ஒருவர் குறும்பாகக் கேட்டிருந்தார். வரைபடமும் வரைவு அறிக்கையும் பழகிவிட்ட காலத்தில் யாரும் இதில் தலைவன் தலைவியைத் தேட மாட்டார்கள்.

1860 ஏப்ரல் 9 அன்று ஸ்காட் இந்தக் கருவியால் வரைந்த பாட்டுத் துணுக்கு ஒன்றை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி வழியே ஒலிக்கவைத்தார்கள். முதலில் இரு மடங்கு வேகத்தில் ஓடியதால் சிறுமியின் குரல் என்றே நினைத்தார்கள். வேகத்தைத் திருத்திய பிறகு ஆண்குரல், அநேகமாக ஸ்காட்டுடையதே. இதைக் கேட்டால் அவர் மகிழ்ந்திருப்பாரா என்பது ஐயமே. எடிசன் கருவி புகழ்பெற்றபோது, நோக்கத்தையே கோட்டைவிட்டுவிட்டார்கள் என்று 1878இல் புத்தகம் போட்டுச் சண்டை பிடித்த மனிதர். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

இன்னொன்று. எடிசனின் ஊசி மேலும் கீழுமாகக் குத்தியது. பெர்லினரின் கிராமபோன் தட்டில் பள்ளம் பக்கவாட்டில் நெளிகிறது. அந்த நெளிவு ஸ்காட்டிடமிருந்து வந்தது. பெயர்களில் ‘வரை’ இருந்தால் இந்த உறவும் விளங்கும்.

பிரெஞ்சுக்காரர் சார்ல் குரோ திட்டமிட்ட, ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் கருவியான பேலியோஃபோனுக்கும் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். 1877 ஏப்ரலில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் மூடிய உறையில் திட்டத்தை ஒப்படைத்தார், எடிசனுக்கு முன்பே. ஆனால் கருவி உருவாகவில்லை. அந்தப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் போதும். மறுப்பு இல்லையென்றால் ஒலிவரைவியைக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.