1931இல் பர்மாவிலிருந்து வந்த கடிதம்: நிலம் சேர்ந்ததைத் தாத்தா ஏன் குறையாக எழுதினார்?

மேலூர்வாசி:
என் தாத்தா பர்மாவின் பியாப்பொன் ஊரில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக (கடையை நடத்தும் முகவருக்கு உதவியாளராக) வேலை பார்த்தவர். 1931இல் அவர் மேலூருக்கு எழுதிய கடிதம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், கரையான் அரித்த ஓரங்களோடு கிடைத்தது. கடைக்கு நிலம் சேர்ந்துகொண்டே போவதாகவும், ரொக்கம் வருவதில்லை என்றும், ஊரார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் அதில் வருத்தப்படுகிறார். நிலம் சேர்வது வளம்தானே? அதை ஏன் குறையாக எழுதினார்?

காரைக்குடிக்காரர்:
ஐயா, லேவாதேவிக்காரருக்கு நிலம் முடங்கிய முதல். எங்கள் ஊரார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனது பணத்தைப் புரட்டுவதற்கே தவிர, பண்ணை வைப்பதற்கு அன்று. கடையில் இருந்த பணத்தில் ஒரு பகுதி உறவினரும் கோவில்களும் போட்டுவைத்தது. இன்னொரு பகுதி இம்பீரியல் வங்கி போன்றவற்றில் வாங்கிய கடன். இரண்டுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 1930இல் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அங்கே புழங்கிய முதலை 75 கோடி ரூபாய் என்று அக்காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதியளவுக்குச் சரிந்ததும், நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கிய உழவரால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. முக்கிய நெல் மாவட்டங்கள் 13இல் செட்டியார் கைக்கு வந்திருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு; 1930களின் முடிவுக்குள் அது 25 பங்காயிற்று. வாங்க ஆளில்லாத காலத்தில் அந்த நிலத்தை விற்றுப் பணமாக்க வழியில்லை. உங்கள் தாத்தா ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) போட்டுப் பார்த்தவர் என்பதால்தான் அப்படி எழுதியிருக்கிறார்.

மதுரை ஆய்வு மாணவி:
மேலே உள்ள கணக்கு சரியானதே. ஆனால் ஊரார் முகம் கொடுக்காததற்கு அதில் விடை இல்லை. காடு வெட்டி, சதுப்பைத் திருத்தி வயலாக்கிய பர்மிய உழவர், அந்த வயலிலேயே குத்தகைக்காரராக நின்றார். நிலத்தை ஈடு வைக்கத்தக்க சொத்தாக்கியது ஆங்கில அரசின் 1876ஆம் ஆண்டுச் சட்டம்; நெல்லை மொத்தமாக வாங்கி ஏற்றுமதி செய்து விலையைத் தம் பிடியில் வைத்திருந்தவை ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள். அவர்களை உழவர் நேரில் கண்டதே இல்லை. கண்டது வட்டிக்கடையின் பெட்டியடியில் (கணக்குப் பெட்டி முன்) உட்கார்ந்திருந்த தமிழரை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரை அமர்த்தினார்கள்; வேலைநிறுத்தம் முடிந்ததும் அந்தப் பர்மியரை அனுப்பிவிட்டார்கள். கலவரம் மூண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் இந்தியர். அவ்வாண்டு இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சியும் எழுந்தது. உங்கள் தாத்தா கடிதம் எழுதியபோது அந்தக் கிளர்ச்சி ஓய்ந்திருக்கவில்லை. நம் முன்னோர் பட்ட இழப்பைப் பேசும்போது அந்த உழவரின் இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேலூர்வாசி:
இருவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் கடிதத்தின் பின்பக்கத்தை வெயிலில் பிடித்து மீண்டும் வாசித்தேன். மை மங்கிய கடைசி வரிகளில், வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் பெரியாற்றுக் கால்வாய் பாயும் நம் வயலை மட்டும் யாரிடமும் ஈடு வைக்க வேண்டாம் என்று பாட்டிக்கு எழுதியிருக்கிறார். பகலெல்லாம் ஈட்டுப் பத்திரங்களைப் பதிவு செய்துகொண்டிருந்த கைதான் அதையும் எழுதியது. அந்த வயல் இன்றும் எங்களிடம் இருக்கிறது.