அம்மாவின் குடலில் கிருமி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 71. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். சேர்த்தபோது எடுத்த மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமி (குடலில் பெருகினால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா), அதுவும் நச்சு உண்டாக்கும் வகை, இருப்பதாக வந்தது. வயிற்றுப்போக்கு இல்லை. கிருமி இருக்கிறது, நோய் இல்லை, அதனால் இப்போது மருந்து வேண்டாம் என்கிறார் டாக்டர். சரி, அது புரிகிறது.

என் பயம் ஆபரேஷனுக்குப் போடும் ஆன்டிபயாடிக் பற்றியது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது அழித்துவிட்டால் இந்தக் கிருமி பெருகி நச்சைக் கக்கும். செபலோஸ்போரின், கிளிண்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றில் இந்த ஆபத்து அதிகமாம். அம்மாவுக்கு 65 வயதும் தாண்டிவிட்டது, பல நாள் படுக்கை வேறு. அப்புறம் தினமும் பான்டோப்ரசோல். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் ஆபத்தைக் கூட்டலாம் என்கிறார்கள்.

குழுவில் நர்ஸ், பார்மசிஸ்ட் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஆன்டிபயாடிக் எத்தனை நாள், அந்த மாத்திரை அவசியமா என்று டாக்டர் மனம் கோணாமல் எப்படிக் கேட்பது? ராயபுரம், பெரம்பூர் பக்கம் தொற்றுநோய் நிபுணர் யாராவது இருக்கிறாரா?

வார்டில் கழிவறை பொது. சானிடைசர் இந்தக் கிருமியின் வித்துகளை (ஸ்போர், கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) கொல்லாது என்பதால் சோப்பு போட்டுத்தான் கை கழுவுகிறோம். கழிவறையைத் துடைக்க பிளீச்சிங் பவுடரை எந்த அளவில் கலக்க வேண்டும்?