அக்கா ரிப்போர்ட்டில் 'வியூஎஸ்', யாரைப் பார்ப்பது?

மதுரையிலிருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு 38 வயசு, மார்ச்சில் மார்பகப் புற்றுநோய் உறுதியானது. அம்மாவுக்கும் 45-ல் வந்ததால் அக்காவுக்கு மரபணு டெஸ்ட் எடுத்தோம்.

ஆறு வாரம் கழித்து 14 பக்க ரிப்போர்ட். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஜீன்களில் பிஆர்சிஏ1-ல் ஒன்றுமில்லை. பிஆர்சிஏ2-வில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறதாம். இரண்டு இழையும் அறுந்துபோன டிஎன்ஏவைப் பிழையில்லாமல் ஒட்ட உதவும் ஜீன் அது. பக்கத்தில் 'வியூஎஸ்', அதாவது கெடுதலா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

லேபுக்கு மூணு தடவை போன் போட்டாச்சு, "டாக்டரைக் கேளுங்க" என்கிறார்கள். டாக்டரோ, "இதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க" என்றார். சரிதான், ஆனால் 34 வயசான நான் எப்போதிலிருந்து ஸ்கேன் எடுப்பது? மரபணு மாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கும் கிளின்வார் இணையதளத்திலும் தேடினேன், அங்கேயும் அதே 'வியூஎஸ்'தான்.

மதுரை, திருச்சி பக்கம் ரிப்போர்ட்டை நேரில் பார்த்து விளக்கும் மரபணு ஆலோசகர் யாரையாவது தெரியுமா?