சப்காண்ட்ராக்டுக்கு விட்ட சாஃப்ட்வேர் வேலை: எந்த இடத்தில் மாட்டியது?

(இந்தக் கேள்விக்குக் காரைக்குடி வட்டாரத்து ஆட்கள் புனைபெயர்களில் சொன்ன பதில்கள்.)

கல்லுக்கட்டி:

புதுவயல் ரைஸ்மில் பில்லிங். வேலையைப் பிடித்தது காரைக்குடியில், புரோகிராம் கோடு எழுதியது வெளியூர் சப்காண்ட்ராக்டர். 2022 ஜூலை 18-லிருந்து லேபிள் போட்ட அரிசி 25 கிலோ வரைக்கும் 5% ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் கிடையாது. 26 கிலோ சிப்பம் எதற்குப் பிறந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கைமாறிய குறிப்பில் இருந்தது ஒரே வரி: "அரிசி – 5%". அவர் அதை ஐட்டம் மாஸ்டரில் (சரக்குப் பட்டியலில்) அரிசி ரகத்தோடு கட்டிவிட்டார். பொன்னி என்றால் 5. சிப்பத்தின் எடை பில்லில் அச்சாகும், வரிக்கணக்கு அதை எட்டிக்கூடப் பார்க்காது.

மாட்டியது லோடு ஏறிய பிறகு. 25-ம் 26-ம் கலந்த பில், எல்லாவற்றுக்கும் வரி விழுந்திருக்கிறது, தார்ப்பாய் கட்டிய லாரி கேட்டில் நிற்கிறது. போனில் சப்காண்ட்ராக்டர், "சார், நீங்க கொடுத்த ஸ்பெக்படிதான் (வேலைக் குறிப்பு) இருக்கு" என்கிறார். அது பொய்யும் இல்லை.

திருத்தம் ஒரு இடத்தோடு முடியவில்லை. வரி விகிதத்தை ரகத்திலிருந்து கழற்றி, எடை, லேபிள் இரண்டோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். வரி இல்லாத சரக்கு, விற்பனைக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-ல் 8-ஆம் அட்டவணைக்குப் போக வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத வியாபாரிக்கு வரி உள்ளதும் இல்லாததும் ஒரே தாளில் போனால், விதி 46ஏ-படி பில்லின் தலைப்பே 'இன்வாய்ஸ் கம் பில் ஆஃப் சப்ளை' என்று மாறும். கடைசி நேரத்தில் தொட்டால் மூன்றில் ஒன்று விட்டுப்போகும்.

பத்துப் பக்கம் ஸ்பெக் எழுதுவதைவிடப் பத்து மாதிரி பில்லை விடையோடு கொடுப்பது மேல். 25 லேபிளோடு, 26 லேபிளோடு, லூஸ், கலப்பு, ரிட்டர்ன், ரவுண்ட் ஆஃப் இப்படி. பத்தும் பைசா சுத்தமாக வந்தால்தான் அடுத்த தவணை.

செக்காலை ரோடு:

தமிழ் ரசீது. மூணு வாரம் டெமோ, எல்லாம் ஸ்கிரீன்ல. ஸ்கிரீன்ல தமிழ் அருமை. கடையில தெர்மல் பிரிண்டர்ல அடிச்சா வரிசையா கேள்விக்குறி.

"யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடு) சப்போர்ட் இருக்கு"ன்னு சொன்னது பொய்யில்ல, டேட்டாபேஸ்ல இருக்கு. சாதாரண தெர்மல் பிரிண்டர்ல இருக்கிற எழுத்துப் பட்டியல்ல தமிழ் கிடையாது. அதனால எழுத்தா அனுப்பக்கூடாது, பில்லைப் படமா வரைஞ்சு அனுப்பணும். 80 மி.மீ. தாளுக்கு பெரும்பாலும் 576 புள்ளி அகலம், 58 மி.மீ.க்கு 384. 80-க்கு வரைஞ்சதை 58-ல அனுப்பினா வலது ஓரத்துல தொகை வெட்டுப்படும், பேர் மட்டும் நிக்கும். படமா போறதால நீளமான பில் மெதுவாத்தான் வரும், அதையும் கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

பிடிஎஃப்ல வேற கூத்து. கம்ப்யூட்டர் 'கெ'யை முதல்ல க, அப்புறம் கொம்புன்னுதான் சேமிக்கும். எழுத்தை அடுக்கிக் காட்டுற வேலை தெரியாத லைப்ரரின்னா (பிடிஎஃப் போட எடுத்துக்கிற ரெடிமேட் கோடு) கொம்பு வலதுபக்கமே நின்னுடும். 'கொத்தமங்கலம்', 'ஸ்ரீ', 'சௌந்தரம்' மூணையும் அடிச்சுப் பாருங்க. 'கொ' உடைஞ்சா அந்த லைப்ரரியைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. சோதனைக்கு 'அம்மா அப்பா' அடிச்சுக் காட்டுறவரை நம்பாதீங்க, அதுல கொம்பே கிடையாது.

ஐந்தொகை:

கல்லுக்கட்டி சொல்வதில் ஒரு திருத்தம். மாதிரி பில் சரிதான், ஆனால் செலவுக் கணக்குக்கும் மாதிரி வேண்டும். திருவிழா அறிவிப்பு எஸ்எம்எஸ், உள்ளூர்ப் புள்ளிகளுக்கும் (குடும்பங்களுக்கும்) வெளியூரில் இருப்பவர்களுக்கும். சப்காண்ட்ராக்டர் மதிப்பீடு போட்டது ஆளுக்கு ஒரு மெசேஜ், 160 எழுத்து என்று. அது ஆங்கிலத்துக்கு. தமிழ் கலந்தால் ஒரு மெசேஜுக்கு 70தான், ஒன்றுக்கு மேல் போனால் துண்டுக்கு 67.

எண்ணும் முறையும் வேறு. 'காரைக்குடி' கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் 10. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக விழும். 150 வரும் அறிவிப்பு மூன்று மெசேஜ் விலை. முதல் அனுப்பலிலேயே கிரெடிட் பாதி வழியில் தீர்ந்துபோனது. அகர வரிசையில் பின்னால் இருந்தவர்களுக்குக் காப்புக்கட்டு தேதி போகவே இல்லை.

இன்னொன்று. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பக் கட்டாயமான டிஎல்டி பதிவை அவசரத்துக்கு சப்காண்ட்ராக்டர் தன் நிறுவனப் பெயரிலேயே செய்துவிடுவார். அனுப்புநர் பெயர், வார்ப்புரு எல்லாம் அவர் சொத்தாகிவிடும். ஆளை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

வளவு:

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு ஹோட்டல். புக்கிங் ஆப். 2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள அறைக்கு வரி 12-லிருந்து 5% ஆகுது. புரோகிராமைத் திறந்தால் 12 என்ற எண் மூணு இடத்துல நேரடியா எழுதியிருக்கு. சரி, மாத்திடலாம். மாத்தினதை ஏத்தப் போனா ஆப் இருப்பது சப்காண்ட்ராக்டரோட சொந்த டெவலப்பர் கணக்குல. போன் அடிக்குது, எடுக்கலை.

2021 ஆகஸ்டுக்குப் பிறகு பிளே ஸ்டோருக்கு வந்த புது ஆப்புன்னா ஆப் அசல்தான்னு காட்டுற கையெழுத்துச் சாவி கூகிள்கிட்ட இருக்கும், ஏத்துற சாவி தொலைஞ்சா மாத்தி வாங்கலாம். ஆனா கேட்க வேண்டியது கணக்குக்குச் சொந்தக்காரர். ஆப்பை வேற கணக்குக்கு மாத்தணும்னாலும் அவர்தான் கோரிக்கை வைக்கணும். அவர் கிடைக்கலைன்னா புதுப் பேக்கேஜ் பெயர்ல (ஆப்போட அடையாளப் பெயர்) புது ஆப். பழைய ரிவ்யூ, டவுன்லோடு எல்லாம் போச்சு.

25 டாலர் கட்டி ஹோட்டல் பெயர்லயே கணக்கு திறந்து, சப்காண்ட்ராக்டருக்கு ரிலீஸ் உரிமை மட்டும் கொடுத்திருந்தா இந்தப் பாடு இல்லை. டொமைன், சர்வர், பேமென்ட் கேட்வே எல்லாத்துக்கும் இதே. வரி விகிதத்தைப் புரோகிராமுக்குள்ள எழுதாம டேட்டாபேஸ் டேபிள்ல வைங்க, 'எந்தத் தேதியிலிருந்து' என்ற காலத்தோட. பழைய பில்லைத் திரும்ப அச்சடிச்சா பழைய 12 வரணும்.

உள்குத்தகை:

எல்லாரும் ஒரே கரையில நின்னு கல்லெறியுறீங்க. மறுகரையில, சப்காண்ட்ராக்டர் பக்கத்துல இருந்து ஒண்ணு. வேலை முடிஞ்சு, சர்வர்ல ஓடுது, கடைசித் தவணைக்கு வந்த பதில்: "கிளையன்ட் குடுக்கட்டும் தம்பி, குடுத்ததும் தர்றேன்." நாலு மாசம் இதே பதில். வளவு சொன்ன, போன் எடுக்காத ஆளை விட்டுத்தள்ளுங்க. சாவியைக் கையில வச்சிருக்கிற பல பேர் அதுக்காகத்தான் வச்சிருக்கான்.

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனம்னா 2006 எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது. தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டுவட்டி. 'கிளையன்ட் குடுத்தா' என்ற வரி ஒப்பந்தத்துல இருந்தாலும் இந்த 45 நாளை அது நீட்டாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இப்படிக் கெடு தாண்டி வச்சிருக்கிற தொகையைக் கொடுக்குற வருஷம்தான் செலவாக் காட்ட முடியும்னு வருமானவரியிலும் வந்தாச்சு. ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்க, மார்ச் மாசம் அவரே போன் பண்ணச் சொல்வார்.

அடுத்தது, காசு கொடுத்தா கோடு நம்மளதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல கம்ப்யூட்டர் நிரலும் இலக்கியப் படைப்புதான். சம்பளத்துக்கு இருக்கிற ஊழியர் எழுதினா முதலாளிக்கு; ஒப்பந்தத்துக்கு எழுதினா பொதுவா எழுதினவருக்கு. கைமாத்தணும்னா 19-ஆம் பிரிவுப்படி எழுத்துல, கையெழுத்தோட. எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம், எந்த எல்லைன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும். சிங்கப்பூர், மலேசியாவுல கிளை வச்சிருக்கிற நம்மூர்க் கடைக்கு அந்த ஒரு வரி போதும் வம்புக்கு. கல்யாணத்துக்கே இசைகுடிமானம்னு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுற ஊர்ல கோடுக்கு மட்டும் வாய்வார்த்தை!

'முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளில் உரிமை மாறும்'னு எழுதுங்க. கணக்கெல்லாம் கிளையன்ட் பெயர்ல முதல் நாளே திறந்து கொடுங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து நடந்தாத்தான் வண்டி ஓடும்.

ஐந்தொகை:

அண்ணே, கேட்டது மாட்டின இடம். நீங்க பஞ்சாயத்தே வச்சிட்டீங்க. சாவியைப் பிடித்து வைத்தால் காசு வரும் என்பதை மட்டும் ஒத்துக்க முடியாது. பாதிக்கப்படுவது நடுவில் நிற்கும் ஆள் இல்லை, ஹோட்டல்காரர்.

தேவகோட்டை ரஸ்தா:

அடகுக்கடை சாஃப்ட்வேர். எழுதியது இரண்டு பேர் என்று சொல்லி வாங்கிய வேலை. கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் 'கிட் ஷார்ட்லாக் -sne' போட்டால் எழுதியவர் பெயரும் ஈமெயிலும் எண்ணிக்கையோடு வரும். ஐந்து பெயர் வந்தது. ஒவ்வொரு கமிட்டிலும் (பதிந்த மாற்றத்திலும்) நேர மண்டலம் பதிவாகும். எல்லாம் +0530 (இந்திய நேரம்), ஒரு ஆள் மட்டும் +0700. சப்காண்ட்ராக்டர் இன்னொரு சப்காண்ட்ராக்டருக்கு விட்டிருக்கிறார், இந்தியாவுக்கு வெளியே.

அதைவிட மோசம் ரெப்போவின் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) உள்ளே இருந்தது. சோதனைக்கு என்று கடையின் அசல் டேட்டாபேஸ் நகல். பெயர், போன், நகை கிராம் கணக்கு, வட்டி பாக்கி எல்லாம். "அந்த ஃபைலை அழிச்சிட்டோம்" என்றார்கள். கடைசி கமிட்டில் அழித்தால் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் பின்னால் போய் எடுக்கலாம். பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி இருந்தால் முதல் வேலை அவற்றை மாற்றுவது, வரலாற்றைக் கழுவுவது இரண்டாவது. கடைக்கு வெளியே போன பெயர்களுக்கு அந்த வழியும் இல்லை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக அமலுக்கு வருகிறது; அதன் 8-ஆம் பிரிவில், தரவை யாரிடம் வேலைக்குக் கொடுத்தாலும் பொறுப்பு கடைக்காரர் தலையில்தான்.

சோதனைக்குக் கொடுக்கும்போது பெயரையும் போனையும் கலைத்துக் கொடுங்கள். கிராமும் தேதியும் அசலாக இருக்கட்டும், வட்டிக் கணக்குப் பிழை அங்கேதான் தெரியும்.

செக்காலை ரோடு:

ஒண்ணு சேர்க்கணும். கடைசி 10% கொடுக்குறதுக்கு முன்னாடி, எதுவுமே இல்லாத ஒரு கம்ப்யூட்டர்ல ரெப்போவை இறக்கி, அவங்க எழுதின குறிப்பை மட்டும் பார்த்து பில்டு (கோடை ஓடுற சாஃப்ட்வேரா மாத்துறது) பண்ணிப் பாருங்க. ஒரு வேலையில 'டி' டிரைவ்ல யாரோ பேர் போட்ட ஃபோல்டரைத் தேடிட்டு நின்னுச்சு. டெமோ மட்டும் பார்த்து வாங்குறது ஆத்தங்குடிக் கல்லை (தரைக்குப் பதிக்கிற டைல்ஸ்) முகம் பார்த்து வாங்குற மாதிரி. கண்ணாடி மேல ஊத்தின வண்ணம் பளபளக்கும், பின்னாடி சிமெண்ட் கலவை எப்படின்னு பதிச்சப்புறம்தான் தெரியும்.

மூட்டைக்காரர்:

கல்லுக்கட்டி, உங்க பத்து பில்லுல ஒரு சந்தேகம். 10 கிலோ லேபிள் பை மூணை ஒரே பெரிய சாக்குல போட்டு 30 கிலோன்னு அனுப்பினா? எடையை மட்டும் பார்த்தா வரி இல்லைன்னு வரும். உள்ளே இருக்கிறது சில்லறைப் பை, அதனால 5% உண்டு.

கல்லுக்கட்டி:

அது பட்டியலில் இல்லை. பதினொன்றாவதாகச் சேர்த்தாச்சு. எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'உள்ளே எத்தனை பை' என்று இன்னொரு கட்டம் வேண்டும், அதற்கு மறுபடியும் சப்காண்ட்ராக்டரைக் கூப்பிட வேண்டும்.